மாப்பிள்ளை பக்கத்துச் சோறு

கடைக்குச் சாப்பிடப் போனால் நான் முதலில் பார்ப்பது கை கழுவும் இடத்தைத்தான். மெனு அட்டையை யாரும் அழகாக அச்சடித்து வைக்கலாம். கை கழுவும் பீங்கானுக்குக் கீழே ஈரத் துணி கிடந்து நாறினால் உள்ளே குசினியும் அப்படித்தான் இருக்கும். கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இப்போது ரெஸ்டூரண்டுக்குக் குறைவில்லை. அதில் நான் இரண்டாம் முறை போகக்கூடியவை நாலே நாலு. மற்றவர்கள் தூளைக் கொட்டி நாக்கை ஏமாற்றுகிறார்கள், கேதீஸ்வரி மேடம். நீங்கள் காரைதீவு என்றால் உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

பொலிஸ் வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு ஊரில் என்னைப் பற்றிப் பலதும் கதைப்பார்கள். கதைக்கட்டும். சாப்பாட்டின் அருமை தெரியாதவள் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. என் பெயர் சித்தி லைலா. வயது முப்பத்தெட்டு. கணவர் ஜெமீல் பதினொரு வருடமாகக் கட்டாரில் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாப்பாவும் நானும் தங்கச்சி றஸ்னாவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். உம்மா சுனாமியில் மௌத்தானபோது எனக்குப் பதினேழு வயது, றஸ்னாவுக்கு ஐந்து. அவளுக்குத் தலை பின்னி, சோறூட்டி, ஓதப் படிக்க அனுப்பி வளர்த்தது நான். நான் அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்ப்பதை நீங்கள் கவனிக்கிறீர்கள். பயம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்களுக்குப் பயந்து இல்லை.

குசினியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது. முன்பு எங்கள் குசினி வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு இருட்டறை. விறகுப் புகையில் சுவரெல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தது. நான் வெளியில் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டால் வீட்டுக்கு வந்து அதைச் செய்து பார்க்காமல் இருக்க மாட்டேன். டெவல் கோழி, நாசி கொறி, அறபுச் சோறு எல்லாம் அந்தப் புகைக்குள் நின்றுதான் பழகினேன். ஜெமீல் ஒருமுறை லீவில் வந்து நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒரு குசினி கட்டித் தாறன், ஊரே வந்து பாக்கிற மாதிரி" என்றார். அவர் எனக்குத் தந்த வாக்குகளில் நிறைவேறியது அது ஒன்றுதான். வேறு வாக்குகளைப் பற்றி இப்போது கதைக்க விருப்பமில்லை.

ஏழு மாதம் வேலை நடந்தது. பாண்டிருப்பில் இருந்து வந்த கதிர்காமத்தம்பி மேசனார்தான் கட்டினார். வாப்பாவின் காலத்து ஆள், கை சுத்தமான மனிசன். சுவரோடு சேர்ந்த கபட், கறுப்புக் கிரனைற் பலகை, புகையை இழுத்துக்கொண்டு போகிற கூண்டு, சுவருக்குள் அவண், இழுத்தால் சத்தமே இல்லாமல் வருகிற லாச்சிகள். நடுவில் நீளமாக ஒரு மேசை. ஒரு பக்கம் அடுப்பு, மறு பக்கம் ஜன்னலும் தண்ணித் தொட்டியும். நடு மேசையில் வெட்டி அப்படியே அடுப்பில் போடலாம், திரும்பினால் தண்ணி. ஒரு அடி கூட வீணாக நடக்கத் தேவையில்லை. நான் அதற்குள் போய் நின்றால் எனக்கு யாரும் குறை என்ற நினைப்பே வராது. பெருநாளைக்கு வந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். நான் கழற்றச் சொன்னதில்லை.

உங்களிடம் எப்படியோ தெரியாது, எங்களிடம் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். எனக்கு இந்த வீடு, றஸ்னாவுக்குக் கடற்கரை வளவில் ஒரு வீடு என்று வாப்பா நினைத்திருந்தார். சுனாமிக்குப் பிறகு கடலில் இருந்து அறுபத்தைந்து மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்த வளவு அதற்குள் போய்விட்டது. வாப்பாவிடம் மிஞ்சியது நாவிதன்வெளிப் பக்கம் உள்ள வயலும் நாங்கள் இருக்கிற வீடும்தான். வயலுக்குள் யாரும் பெண்ணைக் குடியிருத்துவதில்லை.

றஸ்னாவுக்குப் பேசிய மாப்பிள்ளை றிபாஸ், வரிப்பத்தான்சேனைப் பொடியன். கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். குணத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். நன்றாகச் சாப்பிடுவார், சாப்பாட்டை மதிக்கவும் தெரியும். இதனாலேயே முதலில் எனக்கு அவரைப் பிடித்தது. காவின் எழுதி, அதாவது கல்யாணத்தைப் பதிந்த பிறகு, வீடு சரிவரும் வரைக்கும் அவர் தன் வீட்டிலேயே இருப்பது, வந்து வந்து போவது என்று பேச்சு. வரும்போதெல்லாம் குசினிக்குள் ஒருமுறை எட்டிப்பார்ப்பார். ஒரு நாள் நடு மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மதினி, இந்தக் குசினிக்காகவே நான் இஞ்ச வந்து இரிக்கலாம்" என்று சிரித்தார். றஸ்னாவும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு அவர் கை வைத்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா என்னைக் கூப்பிட்டு, வீட்டை நடுவால் பிரிக்கப் போவதாகச் சொன்னார். தெருப் பக்கத்தில் இருந்து பின்சுவர் வரை ஒரே சுவர். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி றஸ்னாவுக்கு.

"குசினி?" என்று கேட்டேன்.

"அதுவும்தான் மகள். எனக்கு ரெண்டு புள்ளயும் ஒண்டுதானே. ஒனக்கு அடுப்புப் பக்கம் வருது, அவளுக்கு ஜன்னல் பக்கம் வருது. கொறையிறத ரெண்டு பேருக்கும் கட்டித் தருவம்."

கதிர்காமத்தம்பி வந்து நூல் பிடித்தார். காவிக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்து நடு மேசைக்கு முன்னால் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் என்ன செய்யிற தங்கச்சி, போடியார் சொன்ன அளவு இதான்" என்றார். வயல்காரர் என்று வாப்பாவை அவர் போடியார் என்றுதான் சொல்வார். பிறகு மேசைக்கு மேலும் கோட்டை இழுத்தார். கறுப்புக் கிரனைற்றுக்கு மேலே சிவப்புக் கோடு. தன் கை கட்டியதைத் தானே வெட்டுவது அவருக்கும் கஷ்டமாக இருந்திருக்கும், என்னால் அதையும் நினைக்க முடிந்தது.

றஸ்னா வாப்பாவிடம் போய், "ராத்தாட குசினிய ஒடைக்க வேணாம் வாப்பா, நாங்க பின்னால ஒரு அடுப்பு வெச்சிக்கிறம்" என்று சொன்னாள். அது உண்மை. அவள் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வாப்பா கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்ன சொல் மாறக் கூடாது என்றார். சூடு அடித்து நெல் வீட்டுக்கு வந்ததும் சுவர் எழும்பும் என்று முடிவாகியது.

அந்த நாட்களில் எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பட்டப்பகலில், வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும்போது வரும். சுவர் ஏற்கெனவே எழும்பிவிட்டது, நான் அதற்குள் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறேன் என்ற மாதிரி மூச்சு முட்டும். ஜெமீலுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அரைக் குசினி காணுந்தானே ஒரு ஆளுக்கு" என்றார். அதற்குப் பிறகு இதைப் பற்றி யாரிடமும் கதைக்கவில்லை.

றிபாஸுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தின்றால் உடம்பில் தடிப்புத் தடிப்பாக வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் ஒரு கடைக்குச் சாப்பிடப் போனோம். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், அவர்கள் மேல் பிழை இல்லை. றிபாஸ் கோழி போட்ட நாசி கொறிதான் சொன்னார். முதலில் இறால் வதக்கிய சட்டியிலேயே அதையும் கிளறியிருக்க வேண்டும். நாலு வாய் தின்றிருப்பார். உதடு வீங்கியது, கழுத்து சிவந்தது, பிறகு மூச்சை இழுக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் காரை ஓட்டினேன். ஆறு நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது நான் என்பதையும் எழுத வேண்டும்.

றஸ்னா வாசலில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். டொக்டர் என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார். "நீங்கதானே மூத்தவ, கவனமாக் கேளுங்க" என்றார். "இந்த முறை தப்பிட்டார். அடுத்த முறை இதைவிடக் கடுமையா வரும், நிமிசக் கணக்குத்தான். இறால், கூனி ஒண்டும் கிட்டயும் எடுக்கக் கூடாது. இந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கிளினிக்கில காட்டி, கையோட வெச்சிருக்கிற ஊசிக்கு எழுதி எடுங்க. வீட்டில எல்லாருக்கும் சொல்லி வையுங்க."

நான் வெளியே வந்தேன். றஸ்னா ஓடிவந்து என்ன சொன்னார் என்று கேட்டாள். "ஒண்டுமில்ல புள்ள, கடுமையான சொறி. கவனமாத் தின்னட்டாம்" என்றேன். அவள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி என் தோளில் சாய்ந்தாள். மயக்கத்தில் இருந்து எழும்பிய றிபாஸுக்கும் அதையேதான் சொன்னேன். டொக்டர் எழுதித் தந்த கடிதத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி லாச்சிக்குள் போட்டேன். அந்த நேரம் என் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. இருந்திருந்தால் துண்டை வீதியில் கிழித்துப் போட்டிருப்பேன்தானே.

எங்கள் ஊரில் புது மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரர் எல்லோரும் ஆளுக்கு ஒரு நாள் விருந்து வைப்பார்கள். மூத்த ராத்தா நான் வைக்காமல் இருந்தால் மரியாதை இல்லை. வாப்பா சூடு அடிப்புக்கு வயலுக்குப் போயிருந்த ஒரு வியாழக்கிழமை பகலைக்கு றிபாஸைக் கூப்பிட்டேன். வாப்பா இல்லாத நாளைப் பார்த்துத் தெரிவு செய்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். ஓம்.

எல்லோரும் ஹோலில் பாய் போட்டுத்தான் சஹன் வைப்பார்கள். பெரிய வட்டத் தட்டு ஒன்றில் சோறும் கறியும் போட்டுச் சுற்றி இருந்து ஒன்றாகத் தின்பது. புதுத் தம்பதிக்கு இரண்டு பேர் தின்கிற சின்னச் சஹன். நான் பாயைக் குசினிக்குள்ளேயே, ஜன்னல் பக்கம் விரித்தேன். சுவர் வர முன்னம் ஒரு விருந்தாவது அந்தக் குசினி முழுசாக இருக்கும்போது நடக்கட்டும் என்று நினைத்தேன்.

புரியாணி. நல்ல நெய், நல்ல கோழி. கத்தரிக்காய் மோஜு, அன்னாசி அச்சாறு. றஸ்னா காலையிலேயே வந்து, "இறால் சம்மந்தமா ஒண்டும் இல்லதானே ராத்தா?" என்று கேட்டாள். "எனக்கென்ன பைத்தியமா" என்றேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு போனாள்.

கூனி என்றால் உங்களுக்குத் தெரியும், காயவைத்த சின்ன இறால், சம்பலுக்குப் போடுவது. என்னிடம் ஒரு போத்தல் நிறைய இருந்தது. அடுப்புப் பக்கம் நின்று வறுத்து அரைத்து, பொரித்த வெங்காயத்தோடு நெய்யில் பிரட்டினேன். மசாலா வாசத்துக்குள் கூனி வாசம் எழும்பவில்லை. அதைச் சஹனின் ஒரு பக்கத்தில் சோற்றுக்குக் கீழே வைத்து மேலே சோற்றைப் போட்டேன். அந்தப் பக்கம் எது என்று எனக்குத் தெரிவதற்காக அதன் மேல் ஒரு அவித்த முட்டை வைத்தேன். சஹனில் அவரவர் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் தின்ன வேண்டும், கையை நீட்டி மற்றவர் பக்கம் போகக் கூடாது. சின்ன வயதிலேயே அப்படித்தான் பழக்குவோம். நான்தான் றஸ்னாவுக்கும் பழக்கினேன். அதனால் அவள் பக்கம் சுத்தமாக இருக்கும் என்று எனக்கு நிச்சயம். என் தங்கச்சிக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை.

றிபாஸ் பிஸ்மி சொல்லித் தின்னத் தொடங்கினார். இரண்டு வாய்க்குப் பிறகு நிமிர்ந்து, "மதினி, இந்த ருசி எந்தக் கடையிலயும் இல்ல. என்ன போட்டீங்க?" என்று கேட்டார். "கை ருசிதான்" என்றேன். அந்தப் பாராட்டு எனக்குச் சந்தோசமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் சந்தோசமாகத்தான் இருக்கிறது.

பிறகு அவர் தன் பக்கத்தில் இருந்த நெஞ்சுத் துண்டைப் பிய்த்து, அடியில் இருந்த சோற்றோடு அள்ளி றஸ்னாவின் பக்கம் தள்ளி வைத்தார். அவள் குனிந்தபடியே அதை எடுத்து வாயில் போட்டாள். மேடம், ஊர் முழுக்கச் செய்கிற காரியம் இது. சஹனில் பிரியமானவர்கள் நல்ல துண்டைத் தங்கள் பக்கத்தில் வைத்திருக்க மாட்டார்கள். அவரவர் பக்கத்தில் தின்பது என்ற ஒழுங்கை மட்டும்தான் நான் யோசித்தேன். மற்றது எனக்கு ஞாபகமே வரவில்லை. நானும் ஜெமீலும் ஒரு சஹனில் தின்று பல வருடம்.

றஸ்னா மென்றாள். பிறகு மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் திரும்பித் தண்ணிப் பைப்பைத் திறந்து கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினேன். அவள் வாயைத் திறக்க முன்னம் றிபாஸ் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

"சாவி, ராத்தா, கார்ச் சாவி" என்று அவள் கத்தினாள். நான் தேடினேன். எல்லா லாச்சிகளையும் இழுத்துப் பார்த்தேன், சாவி கிடந்த லாச்சியைத் தவிர. அவள் தலையில் முக்காடு இல்லாமல் தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டாள். சந்தியில் இருந்து ஒரு ஓட்டோ வந்தது. என் அவணில் நேரம் பச்சை எழுத்தில் தெரியும். ஒன்று பன்னிரண்டுக்குச் சரிந்தார், ஒன்று முப்பதுக்கு ஓட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முன்னமே முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். அவர்கள் போன பிறகு நான் சஹனைக் கழுவிக் கவிழ்த்தேன். இனி ஆட்கள் வருவார்கள் என்று தரையையும் துடைத்தேன்.

மரண விசாரணைக்கு வந்தவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வீட்டில் இறால் ஆக்கவில்லை, வரும் வழியில் ஏதோ கடையில் ரோல்ஸ் தின்றதாக அவரே சொன்னார் என்றேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். முன்னும் ஒரு தரம் இப்படி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்பதும் உதவியது. ஜனாஸாவைச் சுணக்கக் கூடாது என்று மஃரிபுத் தொழுகைக்கு முன்னம், பொழுது படும்போதே அடக்கிவிட்டார்கள். நான் ரோல்ஸ் என்று சொன்னபோது றஸ்னா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அங்கே இருந்துதான் என் பயம் திரும்பவும் தொடங்கியது.

அவளுக்கு இத்தா. புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. காவின் எழுதிய அடுத்த நாளே மௌத்தானாலும் இது உண்டு. அப்போ நாலு மாதமும் பத்து நாளும் நானும் அவளும் அந்த வீட்டுக்குள். வாப்பா பாதி நாள் வயலில், பாதி நாள் பள்ளிவாசலில். முதல் மாதம் அவள் அறையை விட்டு வரவில்லை. நான் கொண்டுபோய் வைப்பதில் இரண்டு வாய் தின்பாள். இரண்டாம் மாதம் ஒரு நாள் பகல் நான் குசினிக்குப் போனால் அவள் அடுப்பில் நிற்கிறாள்.

"நீங்க இரிங்க ராத்தா. இவ்வளவு நாளும் நீங்கதானே ஆக்கித் தந்தீங்க" என்றாள்.

நன்றாகச் சமைப்பாள், நான் பழக்கினது. அன்றைக்குச் சின்னச் சஹனை எடுத்து அதில் போட்டாள். பாயையும் ஜன்னல் பக்கமே விரித்தாள். "வாங்க, ரெண்டு பேரும் ஒண்டாத் திம்பம்." எதிரும் புதிருமாக இருந்தோம். நான் என் பக்கத்துச் சோற்றைத் தொட முன்னம் அவள் தன் பக்கத்தில் இருந்து ஒரு நல்ல மீன் துண்டை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தாள். நான் தின்னும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம், அது வெறும் விளைமீன் பொரியல். தொண்டைக்குக் கீழே இறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றையில் இருந்து ஒவ்வொரு நாளும் அதுதான். ஒரே சஹன், ஒரு துண்டு என் பக்கம். ஒரு நாள் அலுமாரியைத் துடைத்துக்கொண்டே, "கூனிப் போத்தல்ல ஒண்டும் இல்லயே ராத்தா, முந்தி நெறய இரிந்திச்சே" என்று கேட்டாள். "பழுதாப் பெய்த்து, கொட்டிட்டன்" என்றேன். "அப்பிடியா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொரு நாள் சாவி எடுக்க லாச்சியைத் திறந்தேன். டொக்டர் தந்த துண்டை நான் அடியில் எங்கேயோ போட்டிருந்தேன். அது மேலே, மடிப்பெல்லாம் நீவி நேராக விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில் கார்ச் சாவி. அந்தத் துண்டை அன்றைக்கே எரித்திருக்க வேண்டும். அடுப்பின் கண்ணாடியில் கரி படியும் என்று விட்டுவிட்டேன். சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு லாச்சியை மூடினேன். திரும்பினால் அவள் வாசலில் நிற்கிறாள். "சாவி கிடைச்சிட்டா ராத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் வெளியில் சாப்பிடத் தொடங்கினேன். தனியாகப் போய் ஒரு மூலையில் இருந்து கொத்துரொட்டி தின்பேன். கை கழுவும் இடத்தையெல்லாம் இப்போது பார்ப்பதில்லை. யாரோ முன்பின் தெரியாத ஆள் ஆக்கினது என்பதே போதுமாக இருந்தது. அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "கடைச் சாப்பாட்ட நம்பேலா ராத்தா, என்னத்தப் போடுறானுகளோ. வீட்டில தின்னுங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அவள் கோபித்துப் பேசியிருந்தால், அழுதிருந்தால், என் முடியைப் பிடித்து இழுத்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு அவளுடைய இத்தா முடிகிறது. காலையில் குளித்து, வெள்ளை உடுப்பை மாற்றி, பச்சை நிறத்தில் ஒன்று உடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த கோப்பையை மெதுவாக வாங்கி வைத்தாள்.

"இண்டைக்குப் பகலைக்கு ஒங்களுக்கு நான் விருந்து வெக்கன் ராத்தா. புரியாணி. நீங்க ஒண்டும் தொட வேணாம். ஒங்கட பக்கத்த நானே போடுறன்."

நான் ஓம் என்றேன். அவள் கோழியைக் கழுவத் தொடங்கினாள். அதற்குள் வாப்பா வந்து வாசலில் நின்று, இத்தாவும் முடிஞ்சிது, இனிச் சுணக்கேலா என்றார். "வீடு எண்டு ஒண்டு இரிந்தாத்தான் இந்தப் புள்ளைக்கு இன்னொரு மாப்புள்ள வருவான். திங்கக்கெழம கதிர்காமத்தம்பி வாறாரு. சுவரக் கட்டிருவம்."

மேடம், அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. மாப்பிள்ளை இல்லாவிட்டால் சுவர் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். றஸ்னா கோழியில் இருந்து கண்ணை எடுக்காமல், "கட்டுங்க வாப்பா" என்றாள். முன்பு வேண்டாம் என்று சொன்ன அதே வாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே உங்களிடம் வந்தேன்.

சரி, எழுதுங்கள். இறால் உள்ளே போனால் றிபாஸின் உயிர் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூனியை அரைத்து அவர் பக்கத்துச் சோற்றுக்குக் கீழே வைத்தேன். சாவி எந்த லாச்சியில் இருந்தது என்பதும் தெரியும். ரோல்ஸ் கதை பொய். டொக்டரின் துண்டு இன்னும் அதே லாச்சியில்தான் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளலாம். இப்படிச் சொல்ல என்னை யாரும் வற்புறுத்தவில்லை. மனச்சாட்சி விடவில்லை, அதனால்தான் வந்தேன். கையெழுத்தை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

இனி நீங்கள் வீட்டுக்கு ஆட்களை அனுப்புவீர்கள். திங்கட்கிழமை கதிர்காமத்தம்பி விடியவே வந்துவிடுவார், அதற்கு முன்னம் அனுப்பினால் நல்லது. குற்றம் நடந்த இடத்தைச் சீல் வைத்தால் வழக்கு முடியும் வரைக்கும் அதற்குள் ஒரு கல்லும் வைக்க ஏலாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு வழக்கு எத்தனை வருடம் போகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கூனியை அரைத்தது அடுப்புப் பக்கம், அவர் சரிந்தது ஜன்னல் பக்கம். அதனால் பாதியை மட்டும் சீல் வைத்தால் சரிவராது மேடம், முழுக் குசினியையும்தான் வைக்க வேண்டும்.